கலாஸ் என்று சொன்ன நாள்

இங்கே அரபு நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். கலாஸ். காலையில் குபூஸ் ரொட்டி தீர்ந்தால் கலாஸ். வேலை முடிந்தால் கலாஸ். விலை படிந்தாலும் சண்டை ஓய்ந்தாலும் அதுதான். என் அறையில் இருந்த பஷீர் பாய் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நாங்கள் வேலை செய்யும் தோட்டத்து மேலாளரை முதீர் என்போம். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். எனக்குக் குபூஸ்தான் ஞாபகம் வந்தது.

என் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். அங்கே முடிவுக்கு முடிவு வேறு சொல். அரிசி தீர்ந்தால் என் மனைவி நிறைஞ்சிருக்கு என்பாள். வளையல் உடைந்தால் பெருகிப்போச்சு. விளக்கை அணைக்க மாட்டோம், மலையேற்றுவோம். பஷீர் பாய் வீட்டில் மௌத்து என்று அழுதிருப்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். இதையெல்லாம் யோசித்ததே இங்கே வந்துதான்.

வந்த புதிதில் வெள்ளரிப் பாத்தியில் விட்டார்கள். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எனக்குப் பொறுக்கவில்லை. நட்ட வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவன். குழாயைக் கழற்றி, மண்ணை வரப்பாக அணைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டினேன். ஒரு நாளைக்கான தொட்டித் தண்ணீர் முழுக்கப் போயிற்று. முதீர் ஓடி வந்தார். தண்ணீரை இங்கே மோயா என்பார்கள்.

"மோயா கலாஸ்! கலாஸ்!"

"நல்லா வேர் புடிக்கும் சார்," என்றேன் தமிழில்.

அவர் வானத்தைக் காட்டி ஏதோ கேட்டார். நானும் தலையாட்டினேன். செடி அழுகியது. மறுவாரம் ஆட்டுப்பட்டிக்கு மாற்றினார்கள். ஆறு வருடமாக ஆடுதான். ஊரில் மூன்று மா நிலம் இருக்கிறது, போய் உழுதுகொள்ளலாம் என்றுதான் பொறுத்திருந்தேன்.

தை மாதம் தம்பி செல்வம் கூப்பிட்டான். அறுக்கிற நேரத்தில் மழை. கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. இது இரண்டாவது வருடம்.

"ஒத்த ஆளா முடியலண்ணே. மனைக்குக் கேக்குறாங்க. குடுத்துடுவோமா?"

"நான் வந்து பாத்துக்கிறேன்டா."

"ஆறு வருஷமா இதைத்தான் சொல்ற. வந்து யாரை வச்சு நடுவ? உன் ஆட்டை வச்சா?"

நியாயம்தான். "கலாஸ்டா," என்றேன்.

"அந்தப் பாஷையெல்லாம் வேணாம்ணே. வித்துடுன்னு தமிழ்ல சொல்லு. நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. அவனும் காத்திருந்து பார்த்தான். "சரி, விடுண்ணே," என்று வைத்துவிட்டான். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

போன வாரம் வீடியோவில் வந்தான். வயல் முழுக்கச் செம்மண் கொட்டி, மஞ்சள் அடித்த கல் நட்டிருந்தார்கள். "தண்ணி பாயுற வாமடை இங்கதான்ணே இருந்துச்சு," என்று காலால் தட்டிக் காட்டினான். எனக்கு இடம் பிடிபடவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்தது. அவன் போனைத் திருப்பத் திருப்ப நிலம் நகர்ந்தது. நான் மட்டும் அந்த மூலையிலேயே இருந்தேன்.