மெஷினுக்குள் கிடந்த இரண்டு பற்றறி

என் மனைவியின் தம்பி கடல் கடந்து அவளுக்கு அனுப்பிய குரலைப் பாழாக்கியவன் நான்தான். அது நடந்த விதத்தை எழுதி வைக்கிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

குருநகரில் மீனுக்கு ஐஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் மின்வேலை பார்த்தேன். படித்தது எட்டாம் வகுப்பு வரை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கில எலக்ட்ரோனிக் சஞ்சிகைகளை அகராதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். அதில் ஒன்றில், வீட்டிலேயே கொம்பியூட்டர் செய்யும் படம் இருந்தது. படத்தைப் பார்த்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பு இல்லை. சாமான்தான் யாழ்ப்பாணத்தில் கிடையாது. மனைவியின் தம்பி கப்பலில் வேலை செய்தார். எண்பத்தைந்தில் விடுமுறைக்கு வந்தபோது, நான் எழுதிக் கொடுத்த சாமான்களைச் சிங்கப்பூரில் வாங்கி, வெள்ளித்தாளில் சுற்றி, ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

“அத்தான், இதென்ன பூரான் மாதிரி? நாப்பது கால் கிடக்கு. கடிக்குமோ?”

“கடிக்காது. இது சிப். கணக்குப் பாக்கும்.”

“கணக்குப் பாக்கத்தான் அக்கா இருக்கிறாவே. நான் வாங்கின சேட்டு என்ன விலையெண்டு துணியைத் தொட்டுப் பாத்தே சொல்லுவா.”

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: “ரெண்டு பேருமாச் சேந்து வீட்டைக் கொளுத்தாட்டிச் சரி.”

தேயிலைப் பெட்டிப் பலகையில் அந்த மெஷினைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குத் திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. எட்டு சுவிச், எட்டுச் சின்ன சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சுவிச்சுகளை மேலும் கீழுமாக வைத்து ஒரு பொத்தானை அமத்தினால் ஓர் எண் உள்ளே போகும். அப்படி முந்நூறுக்குக் கிட்ட எண்களைப் போட்டால் ஒரு புரோகிராம். முதல் முதலாகக் கரண்ட் கொடுத்த அன்று, மனைவி பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தப் போத்தலோடு வந்து நின்றாள்.

“தெளிச்சுப் போடாதையப்பா. ஷோட் ஆகும்.”

“சுவாமி மந்திரிச்ச தீர்த்தம் ஷோட் ஆகாது,” என்று சொல்லி, பெட்டியின் பலகையில் மட்டும் விரலால் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

நான் அதைக்கொண்டு செய்ய நினைத்தது ஒரே ஒரு காரியம். உயிர்த்த ஞாயிறு எந்த நாளில் வரும் என்று எந்த வருடத்துக்கும் அது சொல்ல வேண்டும். மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ வருகிற முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. சொல்ல லேசு. ஆனால் அந்தச் சிப்புக்கு வகுக்கத் தெரியாது. செபமாலை மணி உருட்டுகிற மாதிரி, ஒவ்வொரு தரமாகக் கழித்துக் கழித்துத்தான் மீதியைக் கண்டுபிடிக்கும். பழைய செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த திருநாள் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன். சில வருடங்கள் பிழையாக வந்தன. பிழையான இடங்களைச் சுவிச்சிலேயே திருத்தினேன். எண்களை எழுதி வைத்த கொப்பியில் திருத்தத்தைப் பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அட்டவணையில் இருந்த அத்தனை வருடமும் சரியாக வந்தது. முழங்காலில் நின்று அழுதேன்.

கரண்டை நிறுத்தினால் அந்த ஞாபகம் அழிந்து போகும். அழியாமல் இருக்க, ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றறி இரண்டை உள்ளே பூட்டியிருந்தேன். ஞாபகத்தை வைத்திருக்க அது ஒரு சொட்டுத்தான் குடிக்கும். வருடக்கணக்கில் தாங்கும்.

தொண்ணூறில் யுத்தமும் பொருட்தடையும் வந்து மின்சாரம் நின்றது. ஐஸ் தொழிற்சாலையும் நின்றது. பற்றறி குடாநாட்டுக்குள் வருவதும் நின்றது. செத்த பற்றறிகளைச் சனம் வெயிலில் காயவைத்தது, ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தது. எங்கள் வீட்டு மாதா படத்தின் கீழே, துணி மூடிய மெஷின் பெட்டிக்குள், நல்ல பற்றறி இரண்டு கிடந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவற்றைக் கழற்றினால் திருத்திய புரோகிராம் போய்விடும். கொப்பியில் இருந்ததோ திருத்தாத பழையது. சைக்கிள் டைனமோவை மெஷினுக்குக் கொடுத்து, உள்ளே இருப்பதை வாசித்து எழுதியிருக்கலாம். ஆனால் டைனமோ மின்சாரம் மிதிக்கிற வேகத்துக்கு ஏறும், இறங்கும். மெஷின் எரிந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்த வருடம் நத்தாருக்கு, இயேசு பிறந்த திருநாளுக்கு, கொஞ்சம் முந்தி, மூன்று மாதம் வழியில் கிடந்த கடிதம் ஒன்று வந்தது. தம்பி எழுதியிருந்தார். கப்பல் மணிலாவில் நின்றபோது, அங்கிருந்து தமிழில் வருகிற கத்தோலிக்க வானொலிக்குப் போனாராம். நத்தாருக்கு முந்தின ஞாயிறு காலை ஒலிபரப்பில் அவருடைய வாழ்த்து, அவருடைய குரலிலேயே வருமாம். “அக்கா கட்டாயம் கேக்கோணும். அண்டைக்கு நான் செய்தது பிழை” என்று கடைசியில் இருந்தது.

அண்டைக்கு என்றால், எண்பத்தேழில் அவர் கடைசியாக வந்துவிட்டுப் போன நாள். கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கச் சொல்லி இவள் சண்டை பிடித்தாள். அவர் கோபத்தில் “போறன்” என்று சொல்லிவிட்டு வாசல் படலையைச் சாத்தினார். எங்கள் பக்கத்தில் யாரும் போறன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன் என்பதுதான் வழக்கம். அந்த ஒரு சொல்லை இவள் நாலு வருடமாக நெஞ்சில் சுமந்தாள். ஒவ்வொரு செபமாலையின் முடிவிலும் அவருக்கென்று ஒரு மந்திரம் கூடுதலாகச் சொல்வாள்.

“இஞ்சாருங்கோ, றேடியோவுக்குப் பற்றறி எங்கையும் எடுக்கேலாதோ?” என்று கேட்டாள்.

“எங்கை எடுக்கிறது? ஊரிலையே இல்லை.”

“அப்ப, கார் பற்றறி வச்சிருக்கிற வீட்டிலை கேப்பமே. கால் மணித்தியாலம்தானே.”

“அவையள் செய்திக்கு மட்டும்தான் றேடியோ போடுறவை. போய்க் கெஞ்சோணுமே? நான் மின்வேலைக்காரன். டைனமோவிலை கேக்க வைக்கிறன் பார்.”

ஊரிலேயே பற்றறி இல்லை என்றேனே, நான் சொன்ன பொய் அதுதான். அந்த நேரம் என் மனம் இன்னொன்றும் சொன்னது: உள்ளே இருப்பது ஆண்டவருடைய திருநாள் கணக்கு, விளையாட்டுச் சாமான் இல்லை என்று. ஆண்டவருடைய பெயரைச் சொல்லியே என்னை நான் ஏமாற்றினேன்.

அந்த ஞாயிறு முதற்பூசை முடிந்து வந்து, முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். டைனமோவின் வயரை றேடியோவில் பொருத்தினேன். பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ பாடும். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து குந்தினா.

“தம்பி, விடாமல் சுத்தும். மணிலா தூரமெல்லே,” என்று என்னைப் பார்த்துச் சொன்னா. மனைவி சிரித்தாள். கன காலத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பாட்டு வந்தது. பிறகு ஒரு பெண் குரல் பெயர்களை வாசித்தது. அதன் பிறகு மனைவியின் தம்பியின் குரல். “அக்கா, நான் அண்டைக்கு உங்களிட்டைச் சொல்லாமல்…”

அந்தக் குரல் காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. என்னை அறியாமல் கை வேகமாகச் சுற்றியது. சந்தோசத்தில் சுற்றினேன். றேடியோ ஒரு தரம் கத்தியது, எரிந்த மணம் வந்தது, அவ்வளவுதான்.

அவள் றேடியோவைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, “ஒருக்காத் திருப்பிச் சுத்துங்கோவன்,” என்றாள். எரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே சுற்றினேன். “இன்னும் கொஞ்சம்,” என்றாள். சுற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா எழும்பிப் போய்விட்டா.

மெஷின் எரியும் என்று பயந்து கொடுக்காத மின்சாரத்தை, அவள் தம்பியின் குரலுக்குப் பயமில்லாமல் கொடுத்திருக்கிறேன். அது பிறகுதான் உறைத்தது. அன்று பகல் முழுக்கக் குருநகர் வீடு வீடாகப் போய், அந்த ஒலிபரப்பை யாராவது கேட்டீர்களா என்று விசாரித்தேன். கார் பற்றறி வீட்டுக்கும் போனேன்.

“முந்தியே வந்து கேட்டிருந்தால் றேடியோவைப் போட்டிருப்பமே அண்ணை,” என்றார் அந்த வீட்டுக்காரர். “உங்கடை வீட்டு விசேசத்துக்கு இல்லையெண்டோ சொல்லப்போறம்?”

அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து கடிதம் வரவில்லை. கப்பல் கம்பனிக்கு எழுதினோம். அவர் ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இன்றைக்கும் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தவக்காலத்தில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவாமி, “உயிர்த்த ஞாயிறு எண்டைக்கு எண்டு என்ரை மேசைக் கலண்டரிலை கிடக்கே, மகன்,” என்றார். பகிடியாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். “போய் மனுசியிட்டைச் சொல்லும். அதுதான் உமக்குப் பிராயச்சித்தம்.”

எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று ஞாயிறு நற்கருணை, எங்கள் பேச்சில் நன்மை, எடுக்காமல் கோயில் வாங்குப் பலகையிலேயே இருந்தேன். நாலாம் ஞாயிறு வீட்டுக்கு வரும் வழியில் அவளே கேட்டாள்: “ஏன் நன்மை எடுக்கிறேல்லை? என்ன செய்தனீங்கள்?”

வீட்டுக்கு வந்து மாதா படத்தின் கீழே இருந்த துணியை எடுத்தேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குனிந்து பெட்டிக்குள்ளே பார்த்தாள்.

“இது ஞாபகம் வச்சிருக்கும் எண்டு முந்திச் சொன்னனீங்களெல்லே,” என்றாள். “அவன் கதைச்சது ஏதும் இதுக்கை விழுந்திருக்குமோ?”

“இல்லையப்பா. எண்கள் மட்டும்தான்.”

“ஒரு சொல்லும் இல்லையோ?”

“இல்லை.”

“அப்ப பற்றறியைத் தாங்கோ.”

கழற்றிக் கொடுத்தேன். உள்ளே இருந்தது அந்தக் கணமே அழிந்தது. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஐந்து வருட வேலை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் றேடியோ எரிந்து போனதால் பக்கத்து வீட்டு அக்காவின் சும்மா கிடந்த றேடியோவை இரவல் வாங்கி, அந்தப் பற்றறிகளைப் போட்டாள். விடிந்ததும் மணிலா வானொலிக்குத் திருப்பிவிட்டு முன்னால் இருப்பாள். போட்டதைத் திருப்பிப் போடுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நத்தார் வாழ்த்தைத் தவக்காலத்தில் யார் போடப்போகிறார்கள்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்ன வாய்க்கு அந்த உண்மையைச் சொல்லும் தகுதி இருக்கிறதாகத் தெரியவில்லை. நாளுக்கு நாள் சத்தம் மெலிந்தது. கடைசியில் காதை ஒட்டி வைத்தால்தான் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

உயிர்த்த ஞாயிறு காலை மணி அடித்தது. நான் வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு வந்து, “வாருமப்பா, பூசைக்கு நேரமாகுது,” என்றேன். றேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. அவள் காதை எடுக்கவில்லை.

“நீங்கள் போங்கோ,” என்றாள். “நான் போனாப் பிறகு அவன்ரை குரல் வந்தாலும் வரும்.”

தனியே போனேன். எல்லாரும் எழும்பி நின்று அல்லேலூயா பாடினார்கள். நானும் நின்றேன். எனக்கு வாய் திறக்கவில்லை.