இரண்டு காலி

தீபாவளி இனாமுக்குக் கவர் போடும்போது ஒவ்வொரு நோட்டையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். ஒட்டிய பிறகும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒருமுறை பார்ப்பேன். பேங்க்கில் கேஷியராகப் போயிருக்க வேண்டியவள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். ஒன்பது வயதில் ஒரு கவரை வெறுமையாக ஒட்டிவிட்டு நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் மயூர் விஹாரில், சொசைட்டி என்று சொல்லும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். அம்மா கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஹிந்தி மட்டும் அவளோடு ஒத்துப்போகவில்லை. காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு வரும். அதைத் தாண்டினால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். பால்மணம் மாறாத வயதிலிருந்தே எனக்கு அந்த உத்தியோகம்.

எங்கள் தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோடு பாதி முடிந்துவிடும். டெல்லிக்காரர்களுக்கு மறுநாள் சாயங்காலம்தான். அந்த மறுநாள் காலையில் ஒவ்வொருவராக வந்து மணியடிப்பார்கள். வாட்ச்மேன், தபால்காரர், துணி தேய்ப்பவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கடைசியாகக் குப்பை எடுக்கும் அம்மா. குப்பைக்கு ஹிந்தியில் கூடா. காலையில் கதவு கதவாக 'கூடா, கூடா' என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டு வர, விடிஞ்சதும் விடியாததுமா என்ன எழவு கூடாதுங்கா என்று வந்த புதிதில் அம்மா கேட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குக் கூடாக்காரி என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதக் கை வரவில்லை, கூடாக்காரம்மா என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் கவருக்குள் நோட்டு வைக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க்கவர். உள்ளே வைக்க அப்பா பேங்க்கிலிருந்து கொண்டுவந்த சலவை நோட்டுகள். எனக்கு நோட்டைவிட கவரின் ஓரத்தை நாக்கால் நக்கி ஒட்டுவதில்தான் ஆசை. ஐந்தையும் ஒட்டி, ஐந்து அதிரசப் பொட்டலங்களின் மேல் வைத்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மணியடித்த ஐந்து பேருக்கும் அம்மா எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் யாரும் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் கூடாக்காரம்மா வந்தார். குப்பைக்கூடையை எடுப்பதற்கு முன்னால் சேலைத்தலைப்பிலிருந்து கவரை எடுத்து நீட்டி, "பாபிஜி, லிஃபாஃபா காலி தா" என்றார். அண்ணி, கவர் வெறுமையாக இருந்தது என்று அர்த்தம். குறையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்.

அம்மா பதறிப்போனாள். நல்ல நாளும் அதுவுமாக வெறுங்கவரைக் கொடுத்துவிட்டோமே என்ற பதற்றத்தில் இருந்த கொஞ்ச ஹிந்தியும் கலைந்துவிட்டது. கவரைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். விரலை நீட்டி, "ஆப் காலி? பூரா காலி?" என்று கேட்டாள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஹிந்தியில் காலி இரண்டு. 'கா'வைக் காற்றை ஊதிச் சொன்னால் வெறுமை. ஊதாமல் சொன்னால் கறுப்பி. நாம் தமிழில் எதற்கும் காற்றை ஊதுவதில்லை. உங்களுடையது வெறுமையா, முழுக்க வெறுமையா என்று அம்மா கேட்டாள். நீ கறுப்பியா, முழுக்கக் கறுப்பியா என்று அந்த அம்மாவின் காதில் விழுந்தது. அவர் நல்ல கறுப்பு வேறு.

அம்மா ஓட்டமாக உள்ளே போனாள், வேறு நோட்டு எடுக்க. வாசலில் நின்ற நான் கூடாக்காரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கூடையை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார். புதுக் கவரோடு வந்த அம்மா வெறும் வாசலைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னட்டி, நான் என்னத்தச் சொல்லிட்டேன்னு இவ மூஞ்சியத் தூக்கிட்டுப் போறா?"

எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட பஸ்ஸின் பின்சீட்டில் என்னைவிட இரண்டு வகுப்பு பெரிய பையன் ஒருவன் உண்டு. நான் படியேறும்போதெல்லாம் 'காலி ஆ கயி' என்பான். கறுப்பி வந்துவிட்டாளாம். பஸ்ஸே சிரிக்கும். வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை. அம்மாவும் என் நிறம்தான். சொன்னால் அவளையும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். இப்போது அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

இரண்டு நாள் குப்பை எடுக்கப்படவில்லை. பால்கனியில் மீன்செதில் நாறியது. அந்த அம்மாவே உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு வெறுங்கவரைக் காட்டியிருப்பாரோ என்று அப்பா சந்தேகப்பட்டார். புது நோட்டு ஒட்டிக்கொண்டு யாருக்கோ இரண்டாகப் போயிருக்கும், நான்தான் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அம்மா தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அது பரவாயில்லை. ஆனால் அப்பா விடுவதாக இல்லை.

"அதுக்காக ரெண்டு நாளா வராம இருப்பாளா? நாளைக்கும் வரலன்னா செக்ரட்டரிட்ட எழுதிக் குடுத்துருதேன். வேற ஆளப் போடட்டும்."

அப்பா எழுதிக் கொடுத்தால் சும்மா இருக்க மாட்டார், பதில் வரும்வரை நினைவூட்டல் அனுப்புகிறவர். எங்கள் சொசைட்டியில் ஆள் மாற்ற ஒரு கடிதம் போதும்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜின் மேலிருந்த புதுக் கவரை எடுத்துக்கொண்டு, நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அம்மா கூடவே இரண்டு அதிரசத்தைக் கையில் திணித்தாள். பின்கேட்டுக்கு வெளியேதான் குப்பை கொட்டும் இடம். கூடாக்காரம்மா வண்டியருகே குந்தி, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அம்மா சொன்னது காலி, காலி இல்லை. அவளுக்கு காலி வராது, காலிதான் வரும். தமிழில் எழுதும்போது கிறுக்குத்தனமாக இருக்கிறது. ஹிந்தியில் நான் ஒழுங்காக ஊதித்தான் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"துஜே கோன் போல்தா ஹை?" என்று கேட்டார். உன்னை யார் அப்படிச் சொல்வது?

யாருமில்லை என்றேன். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக்கைக் கீழே போட்டார். பிறகு, ஸ்கூல் பஸ்ஸில், பின்சீட்டில் என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்கினார். மேலே ஒட்டியிருந்த ஒரு ரூபாயை நகத்தால் பெயர்த்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். தீபாவளி இனாம் என்றார்.

அன்றே குப்பை எடுக்க வந்துவிட்டார். அப்பாவும் கடிதத்தை மறந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. முன்கேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது குப்பைவண்டி எங்கள் பக்கமாக வந்து நின்றது. பஸ் வந்ததும் கூடாக்காரம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, "நமஸ்தே, மேரி ராணி" என்றார், என் ராணி என்று. நான் படியேறி உட்காரும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பின்சீட்டு ஜன்னலையே பார்த்தபடி நின்றார். அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாயும் அதேதான், புதனும் அதேதான். அந்தப் பையனுக்கு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மானம் போயிற்று. குப்பைக்காரி உனக்கு என்ன உறவு என்று பக்கத்துசீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். புதன்கிழமை சாயங்காலம் அப்பாவிடம், பஸ் ஸ்டாப்பில் குப்பைவண்டியை நிறுத்துகிறார்கள், ஒரே நாற்றம் என்று சொன்னேன். அப்பா வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு நோட்டு போன கவர் அந்த வாட்ச்மேனுடையதுதான் என்பது என் ஊகம். அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவர் அப்பாவுக்கு அடித்த சல்யூட்டே தனி. சொன்ன வேலையை உடனே செய்தார்.

முன்கேட்டுப் பக்கம் கூடாக்காரம்மாவுக்குக் குப்பை எடுக்க ஒரு வீடுகூடக் கிடையாது. குப்பை கொட்டுவது பின்கேட்டில். அந்தக் கனத்த வண்டியை சொசைட்டி முழுக்கச் சுற்றித் தள்ளிக்கொண்டு காலை ஏழு மணிக்கு அங்கே வர அவருக்கு என்ன வேலை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்டாப் சுத்தமாக இருந்தது. நான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.