ஸ்வாப்புக்குக் கொடுத்த இடம்

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. டிஸ்கின் இந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்த கோப்பு அமைப்பின் அடையாளம் அழிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவனுக்கு இந்த மாதிரி வரிகள் கொசுக்கடி. படித்தேன், அடுத்த கட்டளையைத் தட்டினேன். அந்த ஒரு வினாடியை யாராவது திருப்பித் தந்தால் என் பாதி ஆயுசைக் கொடுத்துவிடுவேன்.

ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டு உள்ளறை அது. கம்ப்யூட்டர் அத்திம்பேருடையது. சர்க்கார் ஆபீசில் பழகிய லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் ஒரு மைக் வாங்கி வந்தார். மூன்று வாரம், தினமும் காலையில் அக்காவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பதிவு செய்தார். அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, காப்பி கேட்பது, கோபித்துக்கொள்வது, சமாதானம் சொல்வது என்று அன்றாடம் வேண்டிய பேச்செல்லாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் குரலே வர வேண்டும். அதுவரை அக்கா ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டால் அவள் அழுவாள், அவள் அழுதால் தனக்கும் பேச வராது என்று பயம்.

பதிவுகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் மெஷின் அப்படியே நின்றுவிடும். பழைய மெஷின், ரேம் போதாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், ஸ்வாப் கொஞ்சம் கூட்டிப் போட்டுடு, கேட்டியா? இனிமே நான் அதுலதான் பேசியாகணும்." ரேம் நிறைந்துபோனால் மிச்சத்தை இறக்கிவைக்க ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கும் இடம்தான் ஸ்வாப். பத்து நிமிஷ வேலை. நான் மூன்று நாள் தள்ளிப்போட்டு, ஆபரேஷன் அன்று காலையில்தான் உட்கார்ந்தேன்.

டிஸ்கில் பெயரில்லாத ஒரு பகுதி எதனோடும் இணைக்கப்படாமல் கிடந்தது. காலி என்று முடிவு கட்டி, அதையே ஸ்வாப்பாக மாற்றினேன். அத்திம்பேரின் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. முக்கியமானதை வைத்திருக்கும் பகுதியை, வேலை முடிந்ததும் இணைப்பிலிருந்து எடுத்துவிடுவார். "அது மடியாக்கும். கண்டவா தொடப்படாது" என்று சிரிப்பார். அந்த வீட்டில் மடித் துணி தனிக் கொடியில் உலர்வது போல. அதைச் சொல்லி எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்த நானே மறந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பதினோரு மணி வரை அவருக்குக் குரல் இருந்தது.

அதோடு விட்டேனா? அங்கே நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது மீட்டிருக்கலாம். ஸ்வாப் வேலை செய்கிறதா என்று பார்க்க, இருக்கிற புரோகிராம்களையெல்லாம் திறந்து, அந்த இடம் விளிம்பு வரை நிரம்புவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவும் அவர் குரலின் மேல் எழுதப்பட்டது. வேறு பிரதி கிடையாது. வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே, கழுத்தில் துளையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பகுதி இணைய மறுத்தது. மறுபடி முயன்றார். பிறகு ஸ்வாப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "அத்திம்பேர், நான்..." என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கும் குரல் வேண்டுமே. நோட்டில் எழுதிக் காட்டினார்: "அவகிட்ட சொல்லாதே. உன்னை மன்னிக்க மாட்டா. நான் ஒண்ணும் பேசி வெக்கலைன்னு சொல்லிக்கறேன்."

அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மைக் முன்னால உக்காந்தேன், எதுவும் பேசத் தோணலை" என்று அக்காவுக்கு வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் நம்பினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல அவர் இருந்தார். பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தாள், ஆனால் அந்த மனத்தாங்கல் கடைசி வரை போகவில்லை. பக்கத்து அறையில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேடுவதில் அர்த்தமில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தோசை போட்டுக்கொண்டே அக்கா மறுபடி ஆரம்பித்தாள். "தெனம் என்னைக் கோவிலுக்கு வெரட்டிட்டு என்னத்தைக் கிழிச்சாராம்? என் பேரையாவது ஒரு தடவை சொல்லி வெச்சிருக்கப்படாதோ? அவ்வளவு பிரியம் இல்லை மனுஷனுக்கு. நீயே சொல்லு, வாஸ்தவமா இல்லியா?"

தட்டிலிருந்து தலையெடுக்காமல், "வாஸ்தவம்தான் அக்கா" என்றேன்.