ஒ.நோ. அடிகளார்

“…எல்லாரும் சொன்னதயும் சொல்லிட்டீங்க தம்பி, சரி. அந்த ஒ.நோ. சாமியாரு என்ன சொல்றாரு? எதுக்கும் ஒரு வழி வச்சிருப்பாரே அவரு, அதச் சொல்லுங்க மொதல்ல,” என்றார் ஓரகத்திகள் இருவரில் மூத்தவர், கோயிலின் வடக்குச் சுவரோரம் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அந்தக் கேள்வி எங்கே முளைத்தது என்று சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் எனக்கு வேலை. சுண்ணாம்புக்கல் லாரி ஏறும், எடையைக் குறிப்பேன், லாரி இறங்கும். ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் கிடைக்கிற நேரம்தான் என் கல்லூரி. பள்ளிக்கூடம் பத்தாவதோடு என்னை விட்டுவிட்டது. நான் புத்தகத்தை விடவில்லை, அவ்வளவுதான்.

பெரம்பலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் தற்செயலாக நான்கு தடித்த புத்தகங்களைப் பார்த்தேன். ஆதித் திருச்சபைக் காலத்தில் திருத்தூதர் ஒருவர் ஊர் ஊராகச் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அறிஞர்கள் எழுதிய விளக்கவுரை, தமிழில். “எடைக்குத்தான் குடுப்பேன்” என்றார் கடைக்காரர். “நானும் எடைக்காரன்தாங்க” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது.

விளக்கவுரை என்றால் வறட்சியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதைத் திறந்து பார்க்காதவர்கள். அது ஒரு டீக்கடை பெஞ்சு. கடிதத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். அதைச் சுற்றி நாலு அறிஞர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். “இவர் இப்படிச் சொல்கிறார்; பொருந்தாது” என்பார் ஒருவர். “பொருந்தாது என்பவர் இதைக் கவனிக்கவில்லை” என்று அடிக்குறிப்பில் எழும்புவார் இன்னொருவர். சண்டைதான், ஆனால் என்ன மரியாதையான சண்டை! எங்கள் ஊர்ப் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

நான் புத்தகமும் கையுமாக அலைவதை, எங்கள் வட்டாரத்துச் சர்ச்சுகளைக் கவனிக்கிற பங்குச் சாமியார் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் கிளைக் கோயிலில் கடித வகுப்பு எடுக்கும்படி சொன்னார். ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோயில். இருபது பேர் வருவார்கள். வந்தவர்கள் என்னை “உபதேசியாரே” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியா பட்டமா தெரியவில்லை; இரண்டில் எதுவானாலும் காதுக்கு நன்றாகவே இருந்தது.

இப்போது ஒ.நோ. விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளக்கவுரையில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அடைப்புக்குறிக்குள் ‘ஒ.நோ.’ என்று இருந்தது, பக்கத்தில் ஓர் எண்ணோடு. சரி, இது யாரோ பெரிய அறிஞரின் தலைப்பெழுத்து, எண் அவருடைய நூலில் பக்க எண் என்று முடிவு கட்டினேன். மற்றவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசுகிறார்கள், ஒ.நோ. மட்டும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் பணிவாக வந்து நின்றுவிட்டுப் போகிறார். எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. வகுப்பில், “இந்த இடத்துக்கு ஒ.நோ. அடிகளாரும் வந்திருக்கார்” என்று சொல்லிச் சொல்லி, மூன்று மாதத்தில் அவர் எங்கள் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். “அவரு வெள்ளக்காரரா, நம்மாளா?” என்று ஒருவர் கேட்டார். “நம்மாளுதாங்க, வெளியூர்ல படிச்சவரு” என்றேன். அந்தப் பொய்யை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் இரண்டு பேர் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். மூத்தவர் முந்திரிக்காடு பார்க்கிறவர், படிக்கத் தெரியாது, ஜெபம் முழுக்க மனப்பாடம். இளையவர் பள்ளிக்கூட டீச்சர். ஒரே வாசலில் இரண்டு வீடு. ஆனால் மூத்தவர் வடக்குச் சுவரோரம், டீச்சர் தெற்குச் சுவரோரம். நடுவில் ஒரு லாரியே போகலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. திருவிழா ஜெபத்தை மூத்தவர் நடத்தும்போது, அம்மா சொல்லிக்கொடுத்தபடி ‘சம்மனசு’ என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் எல்லார் முன்னாலும், “இப்பல்லாம் வானதூதர்னு சொல்லணும்க்கா” என்று திருத்திவிட்டார். வகுப்பறைப் பழக்கம். மூத்தவர் அங்கேயே எழுந்து, “எங்கம்மா காலத்துச் சம்மனசு ஒனக்குத் தப்பாப் போச்சா? நான் சம்மனசுகிட்ட பேசிக்கிறேன், நீ வானதூதர்கிட்ட பேசிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது டீச்சரின் மகளுக்குக் கல்யாணம். அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பூசையில் மூன்று வாரம் அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவரே மூத்தவர்தான். டீச்சர் வேலைக்காகப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய்வந்த காலத்தில் பிள்ளை விடிந்து அடைந்தால் பெரியம்மா இடுப்பில்தான் இருக்கும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து வாசலில் என்னிடம் மூத்தவர் சொன்னார்: “அவ தலயில நான் பூ வெக்காம வேற எவ வெக்கறது? ஆனா பத்திரிக்கையில பேரு போட்டுக் கூப்புட்டா, நான் பத்திரிக்கைக்குத்தான் போவேன். வாயால அக்கான்னு ஒரு வார்த்த வரட்டும்.”

“நீங்களே போய்ப் பேசிடுங்களேன்” என்றேன்.

“மொதல்ல மூடுன கதவுதான் மொதல்ல தொறக்கணும்” என்றார். இந்த மாதிரி வாசகங்களுக்காகவே நான் அங்கே வகுப்பு எடுத்தேன் என்று சொன்னால் சாமியார் வருத்தப்படுவார்.

அந்த வாரத்துக்குப் பாடம் எது தெரியுமா? சபையில் முன்னின்று உழைத்த இரண்டு பெண்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், ஒத்துப் போங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அந்தத் திருத்தூதர் எழுதிய இடம். இந்தப் பகுதியைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடலாமா என்று சாமியாரைக் கேட்டேன். “எடை மேடையில ஒரு சக்கரத்த வெளிய வுட்டுட்டு எடை போடுவீங்களா?” என்றார். என் தொழிலை வைத்தே என்னை மடக்கினால் நான் என்ன செய்வேன்?

அந்த ஞாயிறு விளக்கவுரையைக் கேடயம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர்கள் பெண்களே அல்ல, இரண்டு சபைகளைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பழைய காலத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றேன். “பொம்பளைங்க சண்டைய ஒத்துக்கக்கூட அந்தாளுக்கு மனசு வரல பாரு” என்றது ஒரு குரல். அந்தப் பெண்களைச் சேர்த்து வைக்கும்படி கடிதத்தில் ஒரு ‘நுகத்துணை’யைக் கேட்டுக்கொள்கிறார், அது ஆளின் பெயரா, ஒரே நுகத்தடியில் கூட உழைத்தவர் என்று பொருளா என்று அறிஞர்களுக்குள் அடிதடி என்றேன். சண்டைக்குக் காரணம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

“காரணத்த எழுதாம வுட்டாரா?” என்றார் மூத்தவர், தரையைப் பார்த்தபடி. “அப்ப நல்ல மனுசன்தான்.”

எல்லாருக்கும் திடீரென்று தங்கள் கால் விரல்களில் பெரிய அக்கறை வந்துவிட்டது. டீச்சர் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மூத்தவர் கேட்டார், ஒ.நோ. சாமியார் என்ன சொல்றாரு என்று.

பக்கத்தைத் திருப்பினேன். இருந்தார், வழக்கம்போல, இந்தத் தடவை 2, 2 என்று இரண்டு எண்களோடு. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. இருபது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள்.

“இந்த எடத்துல ஒ.நோ. அடிகளார் வந்து… ரெண்டு, ரெண்டுன்னு சொல்றாரு. அதாவது, ரெண்டு பேரு மேலயும்…”

தெற்குச் சுவரோரம் என்னமோ உடைந்த மாதிரி சத்தம். டீச்சர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. முந்தானையால் அடக்க முடியவில்லை.

“ஐயோ அக்கா, அது சாமியாரு இல்லக்கா! ஒப்பு நோக்குக! அதத்தான் சுருக்கி ஒ.நோ.ன்னு போட்டுருக்கான். இந்த எடத்தயும் அந்த எடத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருன்னு அர்த்தம். அந்தாளு பொறக்கவே இல்லக்கா!”

கோயிலே சிரித்தது. ஒரு அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவி, கீழேயே உட்கார்ந்துகொண்டார். “மூணு மாசமா பொறக்காத ஆளுக்கா தம்பி ஸ்தோத்திரம் சொன்னோம்?” என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். மூன்று மாதம் கூடவே இருந்த ஒருவர் இல்லாமலே போனது கொஞ்சம் வலித்தது என்றாலும் சிரித்தேன்.

“தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமேங்க டீச்சர்?” என்றேன்.

“ஒருத்தங்களத் திருத்துனதுக்கே ரெண்டு வருசமா அனுபவிக்கிறேன் உபதேசியாரே, போதாதா?” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, இதற்கு முன்னால் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று. சிரிப்பு முகத்தில் பாதியிலேயே நின்றது. வடக்குச் சுவரைப் பார்த்தார். “வர ஞாயிறு ஓலை வாசிக்கிறாங்கக்கா” என்றார், குரல் இறங்கி. “சம்மனசெல்லாம் வரும். நீங்க வராம எப்படிக்கா?”

மூத்தவர் மூக்கை ஒரு முறை உறிஞ்சிக்கொண்டார்.

“பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறதா?” என்றார். “அதயும் அந்த சாமியாரு சொன்னதாவே இருக்கட்டும் தம்பி, பரவால்ல.”

எழுந்தார். நாற்காலியைத் தூக்கவில்லை, முதுகைப் பிடித்து இழுத்தார். அது கோயில் தரை நெடுகக் கிறீச்சிட்டுக்கொண்டே போக, நடுவில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். தெற்குச் சுவரோரம் போய், டீச்சரின் நாற்காலிக் கையோடு தன் நாற்காலிக் கை முட்டும்படி போட்டு உட்கார்ந்து, டீச்சர் மடியில் விரித்திருந்த புத்தகத்தில் பாதியைத் தன் மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.