அடுத்த கட்சியின் வாக்குச்சீட்டு

என் மனைவி குளிரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான் போய் அடுத்த கட்சியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். கொள்கை மாறிப் போடவில்லை. அப்படியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். மூளை அதிகமாகிப் போட்டேன். எந்தக் கட்சி எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பார்கள். வருகிற தீபாவளிக்கு யார் வீட்டிலாவது எனக்குச் சாப்பாடு கிடைத்தாக வேண்டும்.

அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்பது என்று மக்களையே கேட்கும் முதல் சுற்றுக்கு இங்கே பிரைமரி என்று பெயர். நான் இருக்கும் டெக்சஸில் யாரும் எந்தக் கட்சியிலும் முன்கூட்டிப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்றைக்குப் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊரில் கரைவேட்டி கட்டிக்கொண்டு வாக்குச்சாவடிப் பக்கம் ஒதுங்கினாலே போலீஸ்காரர் முறைப்பார். இங்கே எங்கள் பேட்டை நூலகத்தில், குழந்தைகளுக்குக் கதை சொல்லும் மூலைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "எந்தக் கட்சி?" என்பதுதான். எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் கல்யாண வீட்டில் கழிப்பறை எங்கே என்று விசாரிப்பவனைப் போலக் காதருகே குனிந்து சொன்னேன். "ஸாரி?" என்றார் அந்த அம்மாள். உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என் முதுகில் தட்டி, "நம்ம ஆளா நீ! இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றார். இன்றுவரை அவர் என்னை அந்தக் கட்சிக்காரனாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மறுக்கவில்லை. நான் இரவல் வாங்கும் இலை ஊதும் இயந்திரம் அவரிடம்தான் இருக்கிறது.

யோசனை என்னுடையது அல்ல, சேகருடையது. தமிழ் நண்பர்களின் வாட்சப் குழுவில் அரசியல் நிபுணன் அவன்தான். "மச்சி, நம்ம கட்சில மேலிடம் ஏற்கனவே ஆளை முடிவு பண்ணிட்டாங்க. அங்க ஓட்டுப் போடறது வேஸ்ட். அந்தப் பக்கம் போயி, இருக்கறதுலயே மொக்கையான ஆளுக்குக் குத்து. நவம்பர்ல நம்மாளு அசால்ட்டா ஜெயிப்பான்" என்றான். நாங்கள் எல்லாம் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துப் பிழைப்பவர்கள். ஒரு நாட்டின் தேர்தல் முறையிலேயே ஓட்டை கிடைத்தால் விடுவோமா? குழுவே கைதட்டும் பொம்மைகளாக அனுப்பியது. கடைசியில் போய்ப் போட்டவன் நான் ஒருவன். ஒருவனுக்கு மீட்டிங், ஒருவனுக்குப் பையனின் கராத்தே வகுப்பு. சேகருக்கு ஓட்டே கிடையாது. அவன் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

என் மனைவி செல்விக்கு இந்தச் சூழ்ச்சியெல்லாம் தெரியாது. அவள் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். விலையைக் கேட்டதும் மருந்தைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு, "அப்புறமா வந்து வாங்கிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவர்கள் அப்புறம் வருவதில்லை. அதைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிய ஒரே வேட்பாளர், கட்சி மேலிடத்துக்குப் பிடிக்காதவர். அவருக்காகத்தான் செல்வி தெருத்தெருவாகப் போனாள். அந்த வேட்பாளரின் பக்கத்து ஆளாக மாநில மாநாட்டுக்குப் போய்க் கை தூக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முதலில் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் மாநாட்டில், எங்கள் வார்டுக்காரர்கள் கூடி அவளைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடியுரிமை வாங்கியபோதுகூட அவள் முகத்தில் நான் பார்க்காத பிரகாசம் அந்த வாரம் இருந்தது.

மாநாடு என்றதும் கட்அவுட், கொடித்தோரணம், பிரியாணிப் பொட்டலம் என்று பழகியவன் நான். இது ஒரு உயர்நிலைப்பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில், ஆறிய காபியோடும் டோனட்டோடும் நடந்தது. செல்விக்குக் கை தூக்க நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் டெப்பி என்ற வயதான பெண்மணி, இந்த வருடம் வேறு எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் உறுதிமொழி வாங்கிக்கொண்டிருந்தார். யாருக்குப் போட்டேன் என்பதுதான் இந்த நாட்டில் ரகசியம். எந்தக் கட்சியில் போட்டேன் என்பது ஊர்ச்சொத்து. நான் வாயைத் திறப்பதற்குள் டெப்பி தன் திரையைப் பார்த்துவிட்டு, "ஹனி, நீங்க அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருக்கீங்களே" என்றார், கூடம் முழுவதற்கும்.

"உங்க கட்சி ஜெயிக்கணும்னுதான் போட்டேன்" என்றேன்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. பார்வையாளர் நாற்காலி பின்னாடி."

செல்வி திரும்பினாள். "ஏனுங்க, என்னங்க சொல்லுது இந்தம்மா?"

"அது ஒரு ஸ்ட்ராடஜி செல்வி..."

"யாருக்குங்க போட்டீங்க?"

பெயரைச் சொன்னேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்ட பயிற்சி மாணவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் வார்டு மேசைக்குப் போய்விட்டாள்.

நான் சட்டையில் 'பார்வையாளர்' என்று ஒட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஈரோட்டு வாக்காளர் பட்டியலில் என் பெயரை அடித்து வெகுகாலமாகிறது. இங்கே ஒரு கட்சி என்னை உள்ளே விடவில்லை; இன்னொன்று என்னைச் சொந்தப் பிள்ளையாகப் பாவித்து, 'விசுவாசமிக்க முருகேசனுக்கு' என்று விடாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறது. இரண்டு நாட்டு அரசியலையும் இனி ஒரு மடக்கு நாற்காலியிலிருந்து பார்க்கலாம்.

எங்கள் வார்டுக்கு ஒரே இடம். செல்விக்கு எதிராக நின்றவர் கேரி, மேலிடத்து வேட்பாளரின் ஆள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கை தூக்கினார்கள். சமம். மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் சமம். என் கை என் மடியில் கிடந்தது. "சமமானா வார்டுத் தலைவர் முடிவு பண்ணணும். அதுதான் விதி" என்றார் கேரி. வார்டுத் தலைவர் யார்? கேரி.

நான் எழுந்துவிட்டேன். "இது அநியாயம்! நிக்கறவரே நடுவரா?"

கேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், நீங்க எங்க கட்சியிலயே இல்லை." மேசை சிரித்தது. செல்விக்குக் கை தூக்கியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

செல்வி சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "நீங்க எனக்கு எதிரா நிக்கறீங்க. தீர்ப்பும் நீங்களே சொல்றீங்களா?"

"மேடம், நீங்க கட்சிக்கு நேத்து வந்தவங்க. நான் மழையிலயும் வெயில்லயும் இந்தக் கட்சிக்குப் போர்டு நட்டவன். விசுவாசத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

இந்த வசனத்தை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன், பெருந்துறையில், என் சித்தப்பாவின் வாயால். விடிய விடியப் பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டியவர். சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்பமனு கொடுத்து, சென்னைக்கு நேர்காணலுக்குப் போனார். தலைவர் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியாப்பா?" தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்துவிட்டு, மறுநாள் அந்தக் கூட்டணிக்காரனின் கொடியைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் அதே குரலில் கத்திக்கொண்டு போனார். அந்த அநியாயம் நேராக முகத்தில் அறைந்தது. அங்கே யாரும் அதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைத்து, டோனட் கொடுத்து, நம்மையே கை தூக்கச் சொல்லி, அப்புறம் விதிப்புத்தகத்தை எடுக்கவில்லை. இங்கே கட்சி என்பது ஒரு தனியார் கிளப். கதவில் மட்டும் 'அனைவரும் வருக' என்று எழுதியிருக்கிறது. ஒன்று, மக்களைக் கேட்காதே. கேட்டால், அவர்கள் சொன்னதைக் கேள். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நியாயம் பேசாதே.

இப்படியெல்லாம் மனதுக்குள் கேரியைத் திட்டித் தீர்த்தபோது ஒன்று உறுத்தியது. அன்றைக்குச் சித்தப்பாவுக்குத் தொகுதி கிடைத்திருந்தால், அவர் இந்தக் கேரியாகத்தான் இருந்திருப்பார். நேற்று வந்த ஒருத்தி கை தூக்கிக் கேட்டால் அவரும் பசை வாளியைத்தான் காட்டியிருப்பார். அதற்காகக் கேரியை மன்னிக்க முடியவில்லை. சித்தப்பா மேலும் கொஞ்சம் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

கேரி தனக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டு ஜெயித்தார். செல்வியின் கையைக் குலுக்கி, நவம்பரில் கட்சிக்காகக் கதவு தட்ட வருவீர்கள்தானே என்று கேட்டார். அவள் "வர்றேன்" என்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது அவள்தான் வண்டி ஓட்டினாள். ஃப்ரீவே ஏறினோம். அவள் கண் சிவந்திருந்தது. நான்தான் ஆரம்பித்தேன். "கவலைப்படாத செல்வி. வேட்பாளர் தேர்வுல இவங்க பண்ற அநியாயத்தப் பத்திரிகைல எழுதிக் கிழிச்சுத் தொங்கவிடறேன் பாரு."

அவள் லேன் மாற்றினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"அதெல்லாம் எதுக்குங்க? அடுத்த தடவை நான் அந்தப் பக்கத்துக் கட்சியிலயே நின்னுக்கறேன். அங்கதானுங்க எனக்கு வீட்டு ஓட்டு ஒன்னு உறுதியா இருக்குது" என்றாள்.