எண்ணெய் போட்டுக் கழற்றிய வளையல்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் நாத்தனாருடைய பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் பேசிய பேச்சு எனக்கு எப்படி உறைத்திருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா.

என் வலது கையில் ஒரு கெட்டி வளையல். கிளியும் கொடியும் செதுக்கியது. கடைசிப் பெண் பிறந்தபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்து போட்டார். முழுத் தங்கம் என்றார். அன்றிலிருந்து நாத்தனார் சொல்வது ஒன்றுதான். உள்ளே செம்பு, மேலே தங்கம். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்?

பேத்தி கல்யாணத்துக்கு வளையலை அவளுக்கே போடுவது என்று முடிவு செய்தேன். "போடறதுக்கு முன்னாடி தி. நகர் நகைக்கடைல காட்டிக்கினு வந்துடு அண்ணி" என்றாள் நாத்தனார். நீயும் வா என்றேன்.

வளையல் கையை விட்டு வரவில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவி, பேத்தி ஒரு பக்கம் இழுக்க, அடையாறு வீட்டில் அரை மணி நேரம் போராட்டம். வந்ததும் துணியில் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் போனோம்.

கடைக்காரர் தெற்கத்திப் பக்கம். முதலில் ஒரு மெஷினில் வைத்தார். "மேல நல்ல தங்கம் ஆச்சி. ஆனா இது மேல்தோலைத்தான் பாக்கும். உள்ள தெரியணும்னா வெட்டணும்."

"வெட்ட வேணாம்" என்றேன்.

"அப்போ தண்ணியில எடை போட்டுப் பாப்போம். சும்மா ஒரு எடை, தண்ணிக்குள்ள தொங்கவிட்டு ஒரு எடை. தண்ணியில எவ்வளவு குறையுதோ அதை வச்சு, தண்ணியை விட எத்தனை மடங்கு கனம்னு சொல்லிடலாம். இது மாதிரி இருபத்திரண்டு கேரட் நகைத் தங்கத்துக்குப் பதினேழரைக்கு மேல வரணும்."

பதினாறரை வந்தது.

நாத்தனார் மூக்கைத் தொட்டுக்கொண்டு, "நான் இன்னா சொன்னேன்?" என்றாள். பேத்தி என் கையைப் பிடித்தாள். எனக்குத் தங்கம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அவர் என்னிடம் பொய் சொன்னாரா?

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றேன். போட்டார். இப்போது பதினேழுக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த நொடி எனக்குள் விளக்கு போட்ட மாதிரி ஆனது. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைதான். ஆனால் ஒரு காலேஜ் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவியவள். அங்கே பிள்ளைகள் இதே வேலையைச் செய்வார்கள். வாத்தியாரம்மா கத்துவார்கள்: ஒரே பொருளுக்கு ரெண்டு கணக்கு வந்தா பொருளைச் சந்தேகப்படாதீங்க, அளந்த விதத்தைச் சந்தேகப்படுங்க.

குனிந்து பார்த்தேன். கிளியின் இறக்கையில், கொடியின் பள்ளத்தில், கடுகு மாதிரி காற்றுக் குமிழ்கள். தண்ணீர் மேலே எண்ணெய் மின்னியது.

"சார், குமிழெல்லாம் வளையலைத் தூக்கிக்கினு கீது. எண்ணெய் இருந்தா தண்ணி எப்படி ஒட்டும்?"

"அண்ணிக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்றாள் நாத்தனார்.

"உம்புள்ளைய வளக்கத் தெரிஞ்சுது இல்ல? சும்மா குந்து."

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் மறுக்காமல் செய்தார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டு வளையலைத் தேய்த்துக் கழுவினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தோம், அதில் கரைந்திருக்கும் காற்று போகட்டும் என்று. ஆறுவதற்கு ரொம்ப நேரம். எனக்கென்ன அவசரம்? காபி வாங்கிக் கொடுத்தார், குடித்தோம். தொங்கவிட்டிருந்த தடித்த நூலை மாற்றி மெல்லிய நூல் கட்டச் சொன்னேன். தராசுக்கு மேலே சுற்றிய ஃபேனை நிறுத்தச் சொன்னேன். கடைசி எண் ஆடிக்கொண்டிருந்ததே, அது அடங்கிவிட்டது. வளையலைச் சாய்த்து மெதுவாக இறக்கி, நூலை இரண்டு தட்டு தட்டினார். ஒரு குமிழ்கூட இல்லை.

பேத்தி போனில் கணக்குப் போட்டாள். "பதினேழு புள்ளி ஆறு, ஆயா."

"எடுத்துட்டு மறுபடி போடுங்க" என்றேன். ஒரு தடவை வந்ததை நம்ப நான் தயாராக இல்லை. பதினேழு புள்ளி ஏழு. மூன்றாவது தடவை திரும்பவும் பதினேழு புள்ளி ஆறு.

கடைக்காரர் வளையலைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "உள்ளயும் தங்கந்தான் ஆச்சி. முதல்ல தப்பாச் சொன்னது நான்தான்."

ஓடிப்போய்ப் பாண்டி பஜாரில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எண்ணெய் தடவியது நான், அதைச் சரியாகத் துடைக்காமல் எடுத்துப்போனதும் நான்.

திரும்பும்போது ஆட்டோவில் தேனாம்பேட்டை தாண்டியதும் நாத்தனார், "அண்ணன் நல்லவருதான்" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு.

இவ்வளவு எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. எழுத்து கோணல்மாணல்தான். வளையல் இப்போது பேத்தி கையில். அந்தக் கையாலேயே இந்த நோட்டைப் பிடித்துக்கொள் கண்ணு. முதலிலிருந்து படி. அந்த மூன்று எண்களும் வரும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் சத்தமாகப் படி. உன் சின்னப் பாட்டி, அதான் என் நாத்தனார், கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.