சொந்தத் துறைமுகத்துக்கு ஒரு பிடி மண்

சென்ற வாரச் சந்தையன்று ஜமுனாமரத்தூரில் ஒரு லாரி வந்து நின்றது. சரக்கை ஏற்றிச் செல்வதற்காக அல்ல. திருப்பிக் கொண்டுவந்து இறக்குவதற்காக.

இறங்கியவை சாமை மூட்டைகள். மலைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அயல்நாட்டுக் கடை ஒன்றுக்கு அனுப்பிய முதற்சரக்கு. துறைமுகம் வரை போயிற்று. கப்பலைக் காணாமலே மலையேறிவிட்டது.

குழுத் தலைவி பூங்காவனம் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே கையை விட்டார். ஒரு சிறு துணிமுடிச்சு வந்தது. கூடவே, வாடிப்போன வேப்பங்கொத்து. முடிச்சுக்குள் அவர்கள் கொல்லை மண் — ஒரு பிடி.

தானியத்தோடு மண்ணும் இலையும் சேர்ந்து போகக் கூடாது. பூச்சியும் நோயும் அவற்றோடு கடல் கடந்துவிடும். நியாயமான விதிதான். சோதித்துத் திருப்பிய அதிகாரி மீது எனக்குக் குறையே இல்லை.

ஆனால், அந்த மண் ஏன் மூட்டைக்குள் போயிற்று?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஓர் அரசு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆண்டுகள் துறைமுகக் கடன் பிரிவில் கழிந்தன. கடலை ஆழப்படுத்த, அலைதடுப்புச் சுவர் எழுப்ப, கிரேன் நிறுத்த, ரயில் பாதையைக் கரைவரை இழுக்க... எல்லாவற்றுக்கும் கடன். போட்டது திரும்பிவரப் பல்லாண்டுகள் ஆகும். அத்தனை காலம் பொறுத்திருக்க மக்களின் பணத்தால்தான் முடியும். விடியலில் பாற்கடலில் துயில்பவனைப் பாசுரம் பாடி எழுப்புவேன். பகல் முழுதும் உப்புக்கடலின் ஆழத்தைக் கோப்புகளில் அளந்துகொண்டிருப்பேன்.

ஓய்வுக்குப் பின் அமிர்தியில் குடியேறினேன். மலைமேல் இருக்கும் பெருமாளைச் சேவிக்கப் போகிற வழியில்தான் பூங்காவனத்தின் குழு பழக்கமாயிற்று. அயல்நாட்டு ஆர்டர் வந்தபோது அவர் தயங்கினார்.

“கடலையே நாங்க பார்த்ததில்லீங்க ஐயா. அங்க எங்க மூட்டைய யாரு சீந்துவாங்க?”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. இந்த ஊர் பேங்க்ல நீங்க போடற பணமும் சேர்ந்துதான் அந்தத் துறைமுகம் வந்தது. அது உங்களோடது. தைரியமா அனுப்புங்க” என்றேன்.

பிழையில்லாத வாக்கியம். வங்கிக் கூட்டங்களில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள்; தேநீர் வந்ததும் மறந்துவிடுவார்கள்.

பூங்காவனம் மறக்கவில்லை.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரிக்குப் போகும் மூட்டையில் எதையும் வைப்பதில்லை. பெண் கொடுத்த வீட்டுக்கோ பங்காளி வீட்டுக்கோ தானியம் போனால் மட்டும், அது விளைந்த கொல்லையின் மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்து, வேப்பங்கொத்தோடு உள்ளே வைப்பார்கள். போகிற இடம் அயலார் இடமன்று என்பது அதன் பொருள்.

“சுத்தமா இருக்கணும்னு சரக்கு அனுப்பற ஏஜென்ட் சொன்னாரேம்மா...” என்று, சந்தையன்று பிரித்த மூட்டையருகே நின்று மெல்ல இழுத்தேன்.

“சுத்தமாத்தானே குடுத்தோம்? கல்லு பொறுக்கி, ரெண்டு தபா பொடச்சி...”

“மண்ணு இருந்துதே.”

“அது அழுக்கு மண்ணு இல்லீங்களே ஐயா, முடிஞ்சி வச்ச மண்ணு. நம்ம எடம்னு நீங்கதானே சொன்னீங்க? சொந்தக்காரங்க வூட்டுக்கு வெறும் மூட்டையா அனுப்புவாங்க?”

அருகில் மூட்டைமேல் அமர்ந்திருந்த அவருடைய ஓரகத்தி சாலம்மா குறுக்கிட்டார்.

“ஏன்க்கா, ஒறவு கொண்டாட உனக்கு வேற வூடே கெடைக்கலியா? கப்பல் நிக்கற வூடுதான் கெடைச்சுதா?”

பெண்கள் சிரித்தார்கள். சாலம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அடிவாரத்துல குவாரி வச்சி லாரி லாரியா பாறை போச்சே, கடல்ல செவுரு கட்டணும்னு... அதுலகூட எங்க மண்ணு ஒட்டிக்கினுதான் போச்சு. அத்த இன்னா, கழுவியா எறக்கினாங்க?”

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பேருந்தில் கீழே இறங்கும்போது சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தின் வாயை ஆழப்படுத்தக் கடன் கொடுத்தோம் — சரி. பாதை தொடங்குகிற இடத்துக்கு என்ன கொடுத்தோம்? தானியத்தைச் சுத்தம் செய்து, சோதித்து, சீல் வைக்க மலைமேல் ஒரு கொட்டகை இருந்திருந்தால் அந்த முடிச்சு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பார். அப்படியொரு கொட்டகைக்குக் கடன் கேட்டு இந்தப் பெண்கள் வங்கிக்குப் போனதும் உண்டு. அவர்களுடைய மலை நிலத்தை ஈடாக ஏற்க விதியில் இடமில்லை என்று மேலாளர் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

கடலடி மணலைத் தோண்டுவதற்கு ஈடு கிடைத்தது. மலைமேல் ஒரு கூரை போடுவதற்குக் கிடைக்கவில்லை.

பிறவிக் கடலைக் கடக்க அவன் நாமமே தோணி என்று நாள்தோறும் ஓதுகிறேன். அந்தத் தோணியில் ஏறுபவரிடம் ‘கையில் என்ன முடிச்சு?’ என்று எவரும் கேட்பதில்லை. நாம் கடன் கொடுத்துக் கட்டுகிற துறையில் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உங்கள் பணம், உங்கள் துறைமுகம் என்று உரிமையைச் சொன்ன வாய், அந்த உரிமைக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்...

நல்லவேளை, அந்த அயல்நாட்டுக் கடைக்காரர் இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார். இம்முறையும் திரும்பி வந்தால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வாராம். அதனால் பெண்கள் எல்லா மூட்டைகளையும் பிரித்துக் கொட்டி, மறுபடி புடைத்துக் கட்டினார்கள். முடிச்சுகளை அவிழ்த்து மண்ணை அவரவர் கொல்லையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் போயிருந்தேன். பூங்காவனம் கோணி ஊசியால் கடைசி மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் வைக்காம அனுப்பறது மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை.

“இதுல இன்னா கஷ்டம், ஐயா? வெளி ஆளுங்களுக்குப் போற மூட்டையில நாங்க எப்பவும் ஒண்ணும் வைக்கறதில்லீங்களே.”

மூட்டைகள் இந்தத் தடவை கப்பல் ஏறிவிடும். துறைமுகம்தான் அவர்கள் சொந்தக்காரர் வரிசையிலிருந்து இறங்கிப் போய்விட்டது.